கண்ணாடித் தொட்டிலில் கந்தகம்

ஹலோ... அண்ணே? ஹலோ... நாந்தாண்ணே, இசைவாணி... ஏண்ணே, அந்த கிரைண்டரை முதல்ல நிப்பாட்டச் சொல்லு, ஒரு மண்ணும் கேக்கல... ஆமா... ஆமா, ஆமா... சங்கிலிமுத்து அண்ணனை டீ குடிச்சிட்டு வரச் சொல்லு. கொஞ்ச நேரம் ஓட வேண்டாம்... ம்... இப்பக் கேக்குது. நீ எங்கன நிக்கிற, பட்டறைக்குள்ளயா?

... வாசலுக்கு வாயேன். ... வாண்ணே, சொல்றேன்ல. எதுக்குன்னு பொறவு சொல்றேன்.

... சாப்பிட்டாச்சு, சாப்பிட்டாச்சு. இந்த வடக்கத்தி ஊர்ல என்னத்த, ரொட்டியும் பருப்பும்தான். அதைக் கேட்டுப் பேச்சை மாத்தாத. நீ செஞ்சு குடுத்த கண்ணாடித் தொட்டில் விசயமாத்தான் பேசுறேன். ... அதேதான். எங்க ஆராய்ச்சி நிலையத்து சின்க்ரோட்ரானுக்குச் செஞ்சது. ... ஆமா, அந்த வட்ட மிஷின்ல இருந்து வர்ற எக்ஸ்ரே ஒளியத் திருப்பிவிடுற கண்ணாடி, அதை ஆடாம அசையாம ஏந்திப் பிடிக்கிற தொட்டில். ... அளவெல்லாம் சுத்தமா இருக்குண்ணே. ஒரு தூசி அகலம் கூடப் பிசகல. அதுல உன்னையக் குத்தம் சொல்ல ஆளில்ல. பிரச்சினை அளவுல இல்ல.

... வாக்குவம் நிக்க மாட்டேங்குது. ... இல்ல, பம்ப்பு நல்லாத்தான் ஓடுது. தொட்டிலை உள்ள வச்சு, மூடி, காத்தை அம்புட்டையும் உறிஞ்சியாச்சு. நிலாவுல எம்புட்டுக் காத்து இருக்கோ அம்புட்டுத்தான் உள்ள இருக்கணும். ஆனா அப்படி இல்ல. எங்கிருந்தோ கசிஞ்சுக்கிட்டே இருக்கு. சூடு போட்டுப் பாத்தோம், அதுக்கும் மசியல. வெளிய ஓட்டையான்னு தேடினோம், இல்ல. கசிவு உள்ளுக்குள்ள இருந்தே வருது. தொட்டிலுக்குள்ள இருந்து.

... நான் உன்னையச் சொல்லலண்ணே. கேக்குறதுக்கு மட்டும் பதில் சொல்லு. இரும்பை மாத்துனியா? ... கோவப்படாத. சுளுவா வெட்டுறதுக்குன்னு ஒரு எவர்சில்வர் விக்குறான்ல, கந்தகம் கலந்தது, டூல் மளுங்காம சரசரன்னு போகும்... ஆங், அதுதான். அதை வச்சுட்டியா? ... நெசமா? ... கீர்த்திகா மேல எல்லாம் சத்தியம் வைக்காத, பிள்ளைய எதுக்கு இளுக்குற, சும்மாச் சொல்லு. ... சரி. சரி, சரி. நம்புறேன். ... ஏன் நம்புறேன்னா நீ தொட்டிலோட அனுப்புன மிச்ச இரும்புல நேத்தே ஒரு துண்டை அறுத்துச் சோதிச்சுட்டேன். நான் கேட்ட இரும்புதான் அது.

... ஆமா, தெரிஞ்சுக்கிட்டுத்தான் கேட்டேன். நீ நெசம் பேசுறியான்னு பாக்க வேண்டாமா. ... மூஞ்சத் தூக்கி வச்சுக்காத. என் நெலமையில நீ இருந்தா நீயும் அப்படித்தான் கேப்ப. நாளைக்குக் காலையில கூட்டம். எங்க மேலதிகாரி பிரபாகரன் சார் என் மேசைக்கே வந்து, இந்தப் பட்டறை உங்க அண்ணன் பட்டறைதானம்மான்னு மெதுவாக் கேட்டுட்டுப் போறாரு. மெதுவாக் கேக்குற மனுசன்தான் பொல்லாத மனுசன். ... நான் எங்க மறைச்சேன், அண்ணன்னு சொல்லித்தான் உன் பேரைக் குடுத்தேன். மாதிரி செஞ்சு அனுப்புனதுல உன்னுதுதான் ஒசத்தின்னு அவரே கையெளுத்துப் போட்டாரு. இப்ப அவரே கேக்குறாரு.

சரி, அடுத்தது. தொட்டிலுக்கு மூணு கால். ஒவ்வொரு கால்லயும் மறுபக்கம் தொறக்காத ஒரு ஓட்டை, அதுக்குள்ள ஒரு பின். ... ம். அதை உதிரியா அனுப்புன்னு சொன்னேனா இல்லியா? ... சொன்னேன்ல. பொறவு எதுக்கு அடிச்சு மாட்டி அனுப்புன? ... ஆங்... ஆங்... தெரியும்ண்ணே. காலண்டர் அடிக்கிற மிஷினுக்கு நீ ஒரு பாகம் செஞ்சா, மாட்டிப் பாத்து, ஓட்டிக் காமிச்சுத்தான் குடுப்ப. உதிரியாக் குடுத்தா அரைகுறை வேலைன்னு அச்சாபீஸ்காரன் பேசுவான். எனக்குத் தெரியாதா, நானும் அந்தப் பட்டறையில இரும்புச் சுருள் பெறக்கி வளந்தவதான். ஆனா இது அச்சு மிஷின் இல்லண்ணே. நீ பின்னை அடிச்சுட்ட. அடியில என்ன கெடந்துச்சோ அதோட சேத்து அடைச்சுட்ட. இங்கன வாங்குனவக மேலாக்க களுவி, மாட்டியிருக்கேன்னு கூடப் பாக்காம உள்ள வச்சுட்டாக.

... என்ன கெடந்துச்சுன்னா கேக்குற? அதைத்தான் நான் உங்கிட்டக் கேக்குறேன். நீ சொல்லு. என்ன கெடந்துச்சு?

... எண்ணெய்யா. எண்ணெய் இல்ல. ... அண்ணே, உள்ள என்ன ஆவி இருக்குன்னு மோந்து பாத்துச் சொல்ல ஒரு கருவி உண்டு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பரு. தண்ணின்னா பதினெட்டுல ஒரு முள்ளு எந்திரிக்கும். எண்ணெய்னா வரிசையா வேலி போட்ட மாதிரி எந்திரிக்கும். இதுல வேலி இல்ல. அறுபத்து நாலுல ஒத்தையா ஒரு முள்ளு நட்டமா நிக்குது.

... அறுபத்து நாலுன்னா கந்தகம், ரெண்டு ரெண்டு அணுவா ஒட்டி வர்ற கந்தகம்.

... ஹலோ? ... இருக்கியா?

... என்னது, சந்தனமா? எந்தச் சந்தனம்? ... ஆயுத பூசைக்கா? ஏண்ணே, என் தொட்டிலுக்குச் சந்தனம் குங்குமம் வச்சியா? ... மூணு கால்லயுமா? ... அட ஆண்டவனே. ஒரு விரல் தடம் பட்டாலே மாசக்கணக்குல கசியும், கையுறை இல்லாமத் தொடாதீகன்னு தொண்டை கிளியக் கத்துனேன், நீ அதுக்குப் பொட்டு வச்சுப் பூவும் போட்டிருக்க. ... மதினி வச்சாகளா? சரி, யாரு வச்சா என்ன. ... துடைச்சுட்டியாக்கும். நல்லது. ... இரு, இரு. அதுக்குள்ள சிரிக்காத. சந்தனத்துல கந்தகம் எங்கிருந்து வந்துச்சு? குங்குமத்துல எங்கிருந்து வந்துச்சு? பூசி மொளுகாத. நீ சொன்னதும் எனக்கும் ஒரு நிமிசம் நிம்மதியாத்தான் இருந்துச்சு. ஆனா ஒத்து வரல.

... வேனா? எந்த வேன்? ... அனுப்புறப்ப பட்டாசுக் கம்பெனி வேன்ல ஏத்திவிட்டியா, சிவகாசி வரைக்கும்? ... ம்... ஆளுக உக்காந்த சீட்டுல வெடிமருந்துத் தூசி இருக்கும், அது ஒட்டியிருக்கும்ங்குற. ... நல்லா யோசிச்சுத்தான் பேசுற. ஆனா வேன்ல ஏத்துறதுக்கு முன்னாலயே பின்னை அடிச்சாச்சு. ஓட்டைய மூடியாச்சு. மூடுன ஓட்டைக்குள்ள வேன் தூசி எப்படிண்ணே போகும்? காதுல பூச்சுத்தாத.

... நான் போலீஸ்காரி மாதிரியா பேசுறேன்? இருக்கட்டும். நீ களவாணி மாதிரியில்ல பேசுற.

இப்ப நல்லாக் கேட்டுக்கோ. இன்னைக்குக் காலையில பெட்டியத் தொறந்து ஒரு பின்னை நானே உருவுனேன். வெள்ளைத் துணியச் சுத்தி உள்ள விட்டுத் துடைச்சேன். என்ன கலர்ல வந்துச்சு தெரியுமா? ... சொல்லு, உனக்கே தெரியும். ... சாம்பலும் இல்ல, கருப்பும் இல்ல, ரெண்டுக்கும் நடுவுல, லேசா மினுங்குது. இங்கன நின்ன டாக்டர் பட்டம் வாங்குனவக எல்லாம் இது ஏதோ அரைச்ச இரும்புப் பொடின்னாக. நான் வாயத் தொறக்கல. அம்மா பட்டாசு வேலை முடிச்சு வந்து கை களுவுறப்ப எத்தனை வருசம் தண்ணி ஊத்தியிருக்கேன், எனக்குத் தெரியாதா அந்தக் கலரு. அது அலுமினியப் பவுடரு. கந்தகத்தோட சேந்து கெடக்குற அலுமினியப் பவுடரு.

அண்ணே... பட்டறையில மருந்து வச்சிருக்கியா?

... கத்தாத. ... கத்தாதங்குறேன்ல. ... ஆமா, சந்தேகப்படுறேன். உன்னையத்தான் சந்தேகப்படுறேன். கூடப் பெறந்தவனைச் சந்தேகப்படுறது எனக்கு என்ன இனிக்குதா? நீ கிரைண்டர் வச்சு இரும்பு தேய்க்கிற ஆளு. பொறி பூவாணம் மாதிரி பறக்குற எடம் அது. அங்கன மருந்து இருந்துச்சுன்னா என்ன ஆகும்னு நாரணாபுரத்துல பெறந்த கைப்பிள்ளைக்குக் கூடத் தெரியும். அதுக்குத்தான் உன்னைய முதல்லயே வாசலுக்கு வரச் சொன்னேன். என் தொட்டிலு போகட்டும், கூட்டம் போகட்டும். மருந்து இருக்கா இல்லியா, அதை மட்டும் சொல்லு.

... இல்ல. ... இல்லவே இல்ல. ... சரி. அப்ப இதைச் சொல்லு. ஓட்டை போட்ட பொறவு உள்ள கெடக்குற சுருளை எப்படி எடுத்த? ... கம்ப்ரஸர்ல காத்தடிச்சு. ... ஆமா, எல்லாரும் அப்படித்தான் எடுப்பாக. அதுல தப்பில்ல. அந்தக் கம்ப்ரஸர் எங்கன இருக்கு? ... எப்பவும் இருக்குற எடம்னா? நான் பாத்தப்ப முன்னால லேத்துக்குப் பக்கத்துல இருந்துச்சு. இப்பவும் அங்கனயா? ... ஏன் யோசிக்கிற? கம்ப்ரஸர் எங்கன இருக்குன்னு சொல்றதுக்கு யோசிக்கணுமா?

... என்ன, ஆள் வந்திருக்காகளா. யாரு ஆளு? ... மதினிகிட்ட எதுக்குக் குடுக்குற, நான் உங்கிட்டத்தான... அண்ணே... ஏ அண்ணே...

... ஹலோ மதினி. ... ஆமா மதினி, நாந்தான். ... நல்லா இருக்கேன். நீங்க எப்படி இருக்கீக, சாப்பிட்டீகளா? ... ஆமா, ஆமா... குளிருதான். ... இல்ல மதினி, சண்டை எல்லாம் ஒண்ணும் இல்ல. வேலை விசயம். அண்ணனுக்கு மூக்குக்கு மேல கோவம் வரும், உங்களுக்குத் தெரியாததா. ... கீர்த்திகா பள்ளிக்கூடம் போயிருக்காளா? எப்ப வருவா? ... வந்துருவாளா. ம். நேரா வீட்டுக்கா, பட்டறைக்கா? ... பட்டறைக்குத்தான் வருவாளா. உங்க கூடயே இருந்து வீட்டுப்பாடம் எளுதுவாளா. நல்லது. முன்னாலதான் கிரைண்டர் சத்தமாச்சே, எங்கன உக்காந்து எளுதுவா? ... பின்னாடி ரூம்லயா.

... ஓ, கம்ப்ரஸரும் இப்ப பின்னாடி ரூம்லதானா. ... ஆமாமா, புது கிரைண்டர் வந்த பொறவு முன்னால எடம் பத்தாதுல்ல, தெரியும், தெரியும். அண்ணன் சொன்னான். ... எல்லாத்தையும் சொல்லிட்டான் மதினி, பின்னாடி ரூமைக் குடுத்திருக்கிறதையும்தான். ஆளு யாருன்னு சொன்னான், பேருதான் மறந்து போச்சு... ஆங், பெத்தணன். நம்ம பட்டாசுக் கம்பெனி பெத்தணன்தானா. ... அவுக கம்பெனிக்கு லைசென்ஸ் நிப்பாட்டிட்டாகளா? ... சீசன் ஆர்டரு கழுத்தைப் பிடிக்குது, ஆமா, பாவம்தான். ... வெடிக்குப் பேப்பர் சுத்துற வேலை மட்டும்தானா. ... நாலு பொம்பளைக. ... ஆடியிலருந்து.

பேப்பர் சுத்துறதுன்னா பசையில்ல மதினி ஒட்டும். கையெல்லாம் பசை காஞ்சு உரிஞ்சு கெடக்குமே. ஒரு சோப்பு நல்ல சோப்பா வாங்கிக் குடுக்கலாம்னுதான் கேக்குறேன். ... பசை இல்லியா? பொறவு? ... ம்... சோப்புக்கு எல்லாம் போகாதா. தேங்கா எண்ணெய் போட்டுத் தேச்சாலும் ரேகைக்குள்ள நிக்குதா. என்ன கலர்ல நிக்குது மதினி? ... வெள்ளி மாதிரியா.

... ஒண்ணும் இல்ல மதினி. ... இல்லல்ல, குரல் ஒண்ணும் மாறல, இங்கன லைன் சரியில்ல. நீங்களும் உள்ள போவீகளா? ... அவுகளுக்குச் சோறு கொண்டு போறப்ப. ... நீங்களும் ஒரு கை கூடச் செய்வீகளா. ... மதினி, இப்ப எங்கன நிக்கிறீக? ... அங்கன நிக்காதீக. நான் சொல்றேன்னு கேளுங்க, பள்ளிக்கூடத்து வாசலுக்குப் போயி கீர்த்திகாவ நீங்களே கூட்டிக்கிட்டு நேரா வீட்டுக்குப் போங்க. பட்டறைக்கு வராதீக. ... காரணம் இருக்கு. ... அண்ணனைக் கூப்பிடுங்க. உடனே கூப்பிடுங்க. ... ஒண்ணும் எடுக்க வேண்டாம், செருப்பை மாட்டிக்கிட்டுக் கெளம்புங்க.

... அண்ணே. ... அண்ணே, பேசாத. நான் பேசுறேன், நீ கேளு. மதினி மேல பாயாத, அவுக பச்சப்பிள்ளை மாதிரி சொன்னாக, நாந்தான் வாயப் பிடுங்குனேன். பேப்பர் சுத்துறவ கை வெள்ளியா மினுங்காது. நீ யாருகிட்டக் கதை விடுற? மருந்து அடைக்கிற கைதான் அப்படி மினுங்கும். பின்னாடி ரூம்ல வெடிக்கு மருந்து அடைக்கிறாக. அடைக்கிற தூசி ரூம் பூராப் பறக்குது. அதே ரூம்ல உன் கம்ப்ரஸர் ஓடுது. அந்தக் காத்தை உறிஞ்சித்தான் நீ என் தொட்டில் ஓட்டையில அடிச்சிருக்க. அப்படித்தாண்ணே கந்தகம் இங்கன வந்து சேந்துச்சு. வேன் இல்ல, சந்தனம் இல்ல.

... மென்னு முளுங்காத. ஆமாவா, இல்லியா? ... ஆமாதான்.

... ம்... கேக்குறேன், சொல்லு. ... நான் கேட்ட அளவு பளைய மிஷின்ல வராது. ... அதுனால புது கிரைண்டர் வாங்குன. ... அதுக்குத் தவணை கட்டத்தான் பின்னாடி ரூமை விட்டியா. ... எனக்காகவா? ... எம் பேரு கெட்டுறக் கூடாதுன்னா? ...

... அண்ணே, இதை எங்கிட்ட முன்னாலயே சொல்லியிருக்கலாம்ல. சத்தியமா எனக்குத் தெரியாது. நான் எம்பாட்டுக்கு இன்னும் கொஞ்சம் துல்லியம் வேணும், இன்னும் கொஞ்சம் துல்லியம் வேணும்னு போன் போட்டுக்கிட்டே இருந்திருக்கேன்.

... அளல. ... அளலங்குறேன்ல. சரி, கேளு. எனக்காகச் செஞ்சதா இருந்தா, எனக்காகவே இதையும் செய்யி. அந்த நாலு பொம்பளைகளையும் வெளிய வரச் சொல்லு. வெறுங்கையோட வரணும். எதையும் எடுக்கக் கூடாது, எதையும் தரையில இளுக்கக் கூடாது. தண்ணி எதுவும் தெளிச்சிராத, அந்தப் பவுடர்ல தண்ணி பட்டாலும் சூடாகும். உள்ள ஒரு சுவிட்சையும் தொடாத. வெளிய மீட்டர் பெட்டியில மெயினை எறக்கு. அம்புட்டுத்தான். பொறவு ஃபயர் ஸ்டேஷனுக்குச் சொல்லு, அவுக வந்து எடுத்துக்கிடுவாக.

... லோடு ஏத்துற வரைக்கும் பொறுக்கணுமா? எப்ப ஏத்துறாக? ... வியாழக்கிழமையா. ... இன்னைக்கு என்ன கிழமைண்ணே? இன்னைக்குத் திங்கக்கிழமை. ... முடியாது. ... கிரைண்டரை அதுவரைக்கும் நிப்பாட்டி வைக்கேங்குற. ... நான் கேக்குறது கிரைண்டரை மட்டும் இல்ல. கம்ப்ரஸரை என்ன பண்ணுவ? அது உன்னையக் கேட்டுக்கிட்டா ஓடுது? காத்து எறங்குனா தானாக் கெளம்பும். கெளம்புறப்பல்லாம் அதோட சுவிட்சுப் பெட்டிக்குள்ள ஒரு பொறி... ஆடியிலருந்து ஒண்ணும் ஆகலங்குறது ஒரு பேச்சா? ஆகுறவரைக்கும் எல்லாருக்கும் ஒண்ணும் ஆகலதான்.

... அண்ணே, அது என்ன சத்தம்?

... இரு. பேசாத. ... ஓடுதா? ... பக்கத்துப் பட்டறையா? எங்கிட்டயா சொல்ற. அது நம்ம கம்ப்ரஸர். கெளம்புறப்ப ரெண்டு தரம் இருமிட்டு ஓடும், நான் எத்தனை நாளு கேட்டிருக்கேன். ... அண்ணே, கேளு. நீ அங்கனதான நிக்கிற, மீட்டர் பெட்டி கைக்கெட்டுற தூரத்துலதான இருக்கு. எறக்குண்ணே. ஒரு கையால எறக்கிரு.

... ஏன்? ... பெத்தணனைக் கேட்டுட்டா? ... அவுக வேலை கெட்டுப் போகுமா? உள்ள இருட்டாயிருமா? ... ஏண்ணே, உள்ள நாலு உசுரு உக்காந்திருக்கு. உன் உசுரு வாசல்ல நிக்குது. கொஞ்ச நேரத்துல உம் பிள்ளை பையத் தூக்கிக்கிட்டு வந்துருவா. நீ பெத்தணனைக் கேக்கணுமா?

... தெரியும். பட்டறைக்குச் சீல் வைப்பாக. ... தெரியும். உன்னையப் பிடிச்சுக்கிட்டுப் போவாக. ... அதுவும் தெரியும். எங்க பாகம் செஞ்ச எடத்துல மருந்து அடைச்சாகன்னு நாளைக்கு பிரபாகரன் சார் மேசைக்குப் போகும். என் வேலை நிக்குமா போகுமான்னு எனக்கே தெரியல. போனா போகட்டும்ங்குறேன்.

... என்ன பண்ணுவேனா? நீ பண்ணலன்னா நான் பண்ணுவேன். ... போன் போட்டுச் சொல்லுவேன். ... ஆமா, அண்ணனைத்தான். கூடப் பெறந்த அண்ணனைத்தான் பிடிச்சுக் குடுப்பேன். ... திட்டிக்கோ. என்ன வேணும்னாலும் திட்டிக்கோ. திட்டுறதுக்கு நீ இருக்கணும், அம்புட்டுத்தான் எனக்கு வேணும். ... மாட்டேன்னு நெனைக்காத. ... அண்ணே, மெயினை எறக்கிட்டுத் திட்டு. ... அண்ணே... அண்ணே, வைக்காத. அண்ணே...

ஹலோ... ஹலோ...

எடு... எடுண்ணே... எடு... ஆஃப் பண்ணிட்டான்.

ஹலோ. ... வணக்கம் சார். சிவகாசி ஃபயர் ஸ்டேஷன்ங்களா? ... நான் வடக்க இருந்து பேசுறேன் சார். நாரணாபுரம் ரோட்டுல ஒரு லேத் பட்டறை, பின்னாடி ரூம்ல வெடிக்கு மருந்து அடைக்கிறாக. லைசென்ஸ் கெடையாது. ... இப்ப ஆளுக உள்ள இருக்காக சார், நாலு பொம்பளைக. அதே ரூம்ல ஒரு கம்ப்ரஸர் ஓடிக்கிட்டு இருக்கு. ... ஆமா, இந்த நிமிசம் ஓடுது. காதால கேட்டேன். ... இல்ல, விளையாட்டு இல்ல சார். ... மாரியம்மன் கோயில் தாண்டி, இடது கைப்பக்கம், நீல ஷட்டரு. முன்னால புது கிரைண்டர் நிக்கும். ... முதல்ல கரண்டை வெட்டச் சொல்லுங்க சார், ஈ.பி.க்கும் ஒரு வார்த்தை சொல்லிருங்க. அந்த லைன் பூராவையும் நிப்பாட்டட்டும்.

... சார், இன்னொண்ணு. வண்டி மணி அடிக்காம வரணும். ... ஆமா, சைரன் போடாதீக. சத்தம் கேட்டா அள்ளி ஒளிக்கப் பாப்பாக. பதட்டத்துல மருந்துத் தட்டைத் தரையில இளுத்தாகன்னா உரசிப் பத்திக்கிடும். உங்களுக்கு நான் சொல்லணும்னு இல்ல. ... ஆமா. ... ஆமா சார், கெளம்பச் சொல்லுங்க. ... எளுதிக்கோங்க. பட்டறைக்காரர் பேரு மாரிக்கண்ணன். ரூமை எடுத்தவரு பெத்தணன்.

... நானா? நான் இசைவாணி. ... மாரிக்கண்ணனுக்குத் தங்கச்சி. ... ஒண்ணு விட்ட முறை இல்ல சார், கூடப் பெறந்தவ.

... இல்ல சார், பேரை மறைக்க வேண்டாம். யாரு சொன்னான்னு எங்க அண்ணன் கேப்பாரு. நாந்தான் சொன்னேன்னு சொல்லிருங்க.